நோட்டுப் புத்தகத்தை யார் படிப்பது?

வயதான எழுத்தாளர் ஒருவர், அவர் வீட்டுக்குள் வந்து சேரும் இளம் திறமைசாலி ஒருவன். இந்த இருவரை மையமாக வைத்த படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'ஃபைண்டிங் ஃபாரஸ்டர்'. கஸ் வான் சான்ட் இயக்கி 2000ஆம் ஆண்டின் கடைசியில் வெளிவந்த படம். ஒரே ஒரு நாவல் எழுதி, புலிட்சர் பரிசும் வாங்கி, அதன்பிறகு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள் தன்னை அடைத்துக்கொண்ட வில்லியம் ஃபாரஸ்டராக ஷான் கானரி நடித்திருப்பார். அதே பகுதியில் வளரும் ஜமால் வாலஸ் என்ற பதினாறு வயதுக் கறுப்பினப் பையனாக ராப் பிரவுன். கூடைப்பந்து நன்றாக ஆடுவான். யாருக்கும் காட்டாமல் நோட்டு நோட்டாக எழுதியும் வைப்பான். இந்தப் படத்தை விரும்புகிறவர்கள் எடுத்துச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஃபாரஸ்டரின் அறிவுரைகளைத்தான்: முதல் வரைவை எப்படி எழுத வேண்டும், எப்போது யோசிக்க வேண்டும் என்கிற மாதிரி. படத்தின் உயிர் அங்கே இல்லை என்பது என் கட்சி. அது வாசிப்பில் இருக்கிறது. மூத்தவர் இளையவனைப் படிக்கிறார், படம் முடிவதற்குள் இளையவன் மூத்தவரைப் படிக்கிறான். இதில் இரண்டாவது பாதியை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அதனாலேயே குரு என்றால் சொல்பவர், சீடன் என்றால் கேட்பவன் என்ற பழைய கணக்கிலேயே நிற்கிறோம். இதைக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தச் சின்ன இடத்திலும் காயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எறணாகுளத்திலும் நடந்த சில விஷயங்கள், அந்தப் படம் சொல்வதைவிடத் தெளிவாக இதைச் சொல்கின்றன.

முதலில் படத்தையே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நண்பர்கள் உசுப்பிவிட, ஜமால் அந்த மர்ம மனிதரின் வீட்டுக்குள் இரவில் நுழைகிறான். கிழவர் திடீரென்று எதிரே வந்து நிற்க, பையைப் போட்டுவிட்டு ஓடுகிறான். பிறகு அந்தப் பை ஜன்னல் வழியாகத் தெருவுக்குத் திரும்பி வருகிறது. திறந்து பார்த்தால் அவனுடைய நோட்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் குறிப்புகள். எங்கே வாக்கியம் இழுக்கிறது, எங்கே அவன் உண்மையில் எதையும் சொல்லவில்லை என்று ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் படித்திருக்கிறார். அந்தப் பையன் மறுபடியும் அந்தக் கதவைத் தேடிப் போவதற்கு இதுதான் காரணம். ஃபாரஸ்டர் யார், அவருடைய புகழ் என்ன என்பதெல்லாம் அவனுக்கு அப்போது தெரியாது. தன் எழுத்தை ஒரு ஆள் முழுக் கவனத்தோடு படித்துவிட்டார் என்பது மட்டும்தான் தெரியும். அடுத்து அவனுக்குக் கிடைப்பதும் பாராட்டு இல்லை, வேலை. இந்த வீட்டுக்குள் ஏன் நீ வரக்கூடாது என்று 5,000 சொற்களில் எழுதிக் கொண்டு வா என்கிறார். அவன் எழுதிக் கொண்டுபோய் வைக்கிறான். தன்னை விரட்டுவதற்கான காரணங்களையே எழுதச் சொல்வது கடுமையான காரியம்தான், ஆனால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. நீ எழுதினால் நான் படிப்பேன் என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பிறகு வரும் தட்டச்சுக் காட்சிதான் மொத்தக் கதையையும் திருப்புகிறது. வரி வராமல் உட்கார்ந்திருக்கும் பையனிடம் ஃபாரஸ்டர் தன்னுடைய பழைய கட்டுரை ஒன்றைக் கொடுத்து, அதன் வரிகளையே தட்டச்சு செய்யச் சொல்கிறார். தன் சொற்கள் வரத் தொடங்கும் இடத்தில் அவன் தன் வழியில் பிரிந்து போகலாம். அப்படித்தான் நடக்கிறது. முதல் பத்தி கிழவருடையது, மீதி அவனுடையது. வீட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையை மீறி அவன் அதைப் பள்ளியின் போட்டிக்குக் கொடுத்துவிட, பேராசிரியர் கிராஃபோர்ட் அதைத் திருட்டு என்கிறார். கடைசியில் ஃபாரஸ்டரே பள்ளிக்கு வந்து அவை முன்னால் ஒரு கட்டுரையைப் படிக்கிறார். எல்லோரும் அது அவருடையது என்று நினைத்துப் பாராட்டும்போது, எழுதியது ஜமால் என்று சொல்கிறார். கைதட்டல் வாங்கும் காட்சி அது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கப்புறம் வருகிற விஷயம். ஃபாரஸ்டர் இறந்த பிறகு ஜமாலின் கைக்கு வருகிற பொருள்களில் அவருடைய இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அதற்கு முன்னுரை எழுத வேண்டியவன் ஜமால். பல பத்தாண்டுகளாக எதையும் வெளியிடாத மனிதர் மறுபடி எழுதியது இந்தப் பையனின் வாசிப்பை நம்பித்தான். முன்னுரை என்பது பெரியவர் சிறியவருக்குக் கொடுப்பது என்ற வழக்கத்தைப் படம் தலைகீழாக்கிவிடுகிறது.

முன்னுரை என்றதும் இந்தக் கரையில் நினைவுக்கு வருவது எம்.பி. பால். மலையாளத்தில் நவீன விமர்சனத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1944இல் வைக்கம் முகம்மது பஷீரின் 'பால்யகால சகி' வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர். அந்த முன்னுரை இல்லாமல் அந்த நாவலைப் பற்றி இன்றும் மலையாளிகள் பேசுவதில்லை. ஆனால் ஆண்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். பால் பிறந்தது 1904இல், பஷீர் 1908இல். நான்கு வயதுதான் வித்தியாசம். அந்தச் சமயத்தில் பஷீருக்கு முப்பத்தாறு வயது. சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய், வருடக் கணக்கில் ஊர் ஊராகத் திரிந்து, ஏகப்பட்ட வேலைகளைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த மனிதர். வாழ்க்கையைப் பற்றி அவருக்கு எந்தப் பேராசிரியரும் எதையும் கற்றுத்தர வேண்டிய நிலை இல்லை. பால் கொடுத்தது தன் வாசிப்பையும், அந்த வாசிப்புக்குக் கீழே தன் பெயரையும். ஒரு விமர்சகர் தன் நற்பெயரை ஒரு மெலிந்த நாவலின் முன் பக்கங்களில் பணயம் வைக்கிறார். அது அறிவுரையைவிடப் பெரிய செலவு.

அதற்கும் முன்னால் நடந்தது இன்னும் எளிமையானது. 1930களின் பிற்பகுதியில் வேலை தேடி எறணாகுளத்தில் 'ஜயகேசரி' பத்திரிகையின் ஆசிரியர் பத்மநாப பையிடம் போகிறார் பஷீர். வேலை இல்லை, கதை எழுதிக் கொடுத்தால் காசு தருகிறேன் என்கிறார் பை. பஷீர் எழுதிக் கொடுக்கிறார். அச்சில் வந்த அவருடைய முதல் கதை என்று பொதுவாகச் சொல்லப்படும் 'என்டெ தங்கம்' அப்படி வந்ததுதான். கறுத்த நிறமும் கூன் முதுகும் கொண்ட ஒரு பெண்ணைக் காதல் கதையின் நாயகியாக்கிய கதை. இதில் குருவும் இல்லை, சீடனும் இல்லை. ஒரு பத்திரிகை, ஒரு காலிப் பக்கம், கொஞ்சம் பணம். ஆனாலும் பை செய்ததை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். படிக்க ஆள் இருக்கிறது, எழுதிக் கொண்டு வா என்று சொன்னவர் அவர். ஃபாரஸ்டர் 5,000 சொற்கள் கேட்டதும் இதே அழைப்புதான்.

சரி, பஷீரைப் போன்ற ஒருவர் எப்படியும் எழுதியிருப்பார், பாலோ பையோ இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேதைக்கு ஆசான் தேவையில்லை என்று நம்புகிறவர்கள் எல்லா மொழியிலும் உண்டு. பஷீர் எழுதியிருப்பார் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் எழுதுவதும், எழுத்தாளராகத் தொடர்வதும் இரண்டு வேறு காரியங்கள். முப்பது வயதில் கையில் காசில்லாத ஒருவர் இரண்டாவது கதையை எழுதுவதற்கு முதல் கதை எங்காவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நோட்டிலேயே தங்கிவிட்ட எழுத்துகளின் வரலாறு நமக்குத் தெரியாது. தெரியாததாலேயே திறமை இருந்தால் எப்படியும் வெளியே வந்துவிடும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வெளியே வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துச் சொல்லும் கணக்கு அது.

வாசிப்பு கைமாறிப் போகும் வழி எவ்வளவு தூரம் நீளும் என்பதற்குத் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு சங்கிலி இருக்கிறது. மலையாள விமர்சகர் கேசரி பாலகிருஷ்ண பிள்ளையைச் சுற்றி 1930களில் திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டம் கூடும். சட்டம் படிக்கப் போன தகழி சிவசங்கரப் பிள்ளை அங்கேதான் பிரெஞ்சு, ரஷ்ய எழுத்தாளர்களின் பக்கம் திருப்பிவிடப்பட்டார். கேசரி அவருக்குக் கதை எழுதச் சொல்லித் தரவில்லை, எதைப் படிக்க வேண்டும் என்று காட்டினார். அந்தத் தகழி 1956இல் 'செம்மீன்' எழுதுகிறார். நாகர்கோவிலில் இருந்த சுந்தர ராமசாமி, முப்பதை ஒட்டிய வயதில் அதைத் தமிழுக்குக் கொண்டுவருகிறார். சாகித்திய அகாதெமி 1962இல் வெளியிட்டது. மொழிபெயர்ப்பைவிடக் கவனமான வாசிப்பு வேறு எது? ஒவ்வொரு வரியிலும் நின்றாக வேண்டும். அப்படி நின்று படித்தவர் 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' எழுதினார். பாலு என்கிற தமிழ் எழுத்தாளன் ஒருவன் ஜே.ஜே. என்கிற மலையாள எழுத்தாளனின் வாழ்க்கையையும் எழுத்தையும் துரத்திக்கொண்டு போவதுதான் அந்த நாவல். ஜே.ஜே.யின் சாயலில் மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸைப் பார்க்கிறவர்கள் உண்டு. சி.ஜே. தாமஸின் மனைவி ரோஸி தாமஸ், எம்.பி. பாலின் மகள். வட்டம் அவ்வளவு சின்னது. ஒரு இளையவன் ஒரு மூத்த எழுத்தாளனைப் படிப்பதையே முழு நாவலாக்கிய புத்தகம் தமிழில் இருக்கும்போது, நாம் இந்த உறவைப் புரிந்துகொள்ள ஹாலிவுட்டைத் தேட வேண்டியதே இல்லை.

அந்தச் சங்கிலி அங்கேயும் நிற்கவில்லை. சுந்தர ராமசாமியின் வீட்டில் இளம் எழுத்தாளராக உட்கார்ந்து பேசியவர்களில் ஜெயமோகன் ஒருவர். பின்னாளில் இருவருக்கும் கடுமையான கருத்து வேறுபாடுகள் வந்தன என்பது தமிழ் இலக்கிய உலகம் அறிந்தது. 2005இல் சுந்தர ராமசாமி இறந்ததும் ஜெயமோகன் எழுதிய 'நினைவின் நதியில்' அந்த உறவின் நெருக்கத்தையும் விலகலையும் சேர்த்தே பேசுகிறது. அதை நன்றிகெட்டதனம் என்று கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒருவரை முழுக்கப் படித்தவன், எங்கே அவரிடமிருந்து பிரிகிறோம் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவன். ஜமால் முதல் பத்திக்குப் பிறகு தன் வழியில் போனான். போகாமல் ஃபாரஸ்டரின் வரிகளையே தட்டச்சு செய்துகொண்டிருந்தால் அதுதான் உண்மையான திருட்டாக இருந்திருக்கும்.

இங்கேதான் மரபின் பக்கமிருந்து ஒரு மறுப்பு வரும். குருவுக்கு முன்னால் அடங்கி இருந்து, சொன்னதைச் செய்து, வருடக் கணக்கில் காத்திருந்து கற்றதுதான் நம் முறை. சங்கீதமும் சிற்பமும் கதகளியும் அப்படித்தான் பிழைத்தன என்பார்கள். கைப்பழக்கம் தேவைப்படும் கலைகளில் இந்தப் பேச்சுக்கு வலு உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் அதே மரபின் உள்ளேயே அதன் ஆபத்தும் கதையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி அஜயன் இயக்கிய 'பெருந்தச்சன்' அதைத்தான் காட்டுகிறது. திலகன் பெருந்தச்சன். மகன் கண்ணனாக நம் பிரசாந்த். மகனின் கை அப்பனின் கையைத் தாண்டிவிட்டது என்று ஊர் பேசுகிறது. வேலை நடக்கும் இடத்தில் மேலே இருக்கும் தகப்பனின் கையிலிருந்து உளி கீழே இருக்கும் மகன் மேல் விழுகிறது. நழுவியதா, விட்டாரா என்று அந்த ஐதீகம் நூற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. திலகனின் முகத்தில் படம் முழுக்க ஓடுவது பொறாமை மட்டும் இல்லை. மகன் செய்ததைப் பார்த்து ரசிக்கத் தெரிந்த கண்ணும் அதே முகத்தில் இருக்கிறது. ரசிக்கத் தெரிந்தும், மகனிடமிருந்து தானும் கற்கலாம் என்ற எண்ணத்துக்கு அந்தத் தகப்பன் வரவில்லை. சொல்பவர் எப்போதும் சொல்பவராகவே இருக்க வேண்டும் என்ற முறையில் அதற்கு இடமே இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. யாருக்குக் கதவு திறக்கிறது? ஃபாரஸ்டர் வெள்ளைக்காரர், ஜமால் கறுப்பினப் பையன். பெருந்தன்மையான ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கைகொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று படம் ஆறுதல் சொல்வதாகக் குறை சொல்பவர்களோடு நான் பெருமளவு உடன்படுகிறேன். ராஜீவ் மேனனின் 'சர்வம் தாள மயம்' இதே முடிச்சைச் சென்னையில் போடுகிறது. மிருதங்கம் செய்து கொடுக்கும் குடும்பத்தில் பிறந்த பீட்டர் (ஜி.வி. பிரகாஷ்குமார்), மிருதங்க வித்வான் வேம்பு ஐயரிடம் (நெடுமுடி வேணு) கற்கப் போகிறான். வாத்தியத்தைச் செய்யலாம், வாசிக்கக் கூடாது என்ற சமூக ஏற்பாட்டை அந்தப் படம் நேராகவே பெயர் சொல்லிக் கேட்கிறது. ஆனால் அங்கேயும் முடிவு குருவின் மனமாற்றத்தைச் சார்ந்தே நிற்கிறது. ஒரு நல்ல மனிதர் கிடைத்தால்தான் வழி என்பது எனக்குப் போதாது. இந்தக் குறைக்கு என்னிடம் உள்ள பதில், மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பிறந்த ஒரு பெண்ணின் கதை.

ரூபி டேனியல் 1912இல் பிறந்தவர். 1568இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக்கைச் சேர்ந்த சமூகம்தான் அவருடையது, ஆனால் அதன் உள்ளே சம இடம் கிடைக்காத பிரிவு. முன்னொரு காலத்தில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் அவை. ஜெபக்கூடத்தின் உள்ளே மற்றவர்களோடு சமமாக உட்கார உரிமை இல்லை, வேத வாசிப்புக்கு அழைக்கப்படும் உரிமையும் இல்லை. அதே பிரிவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம், காந்தியின் வழியில் அந்தச் சினகாக்குக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் செருப்பைக் கழற்றிவிட்டு நீலம் வரைந்த சீன ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நடக்கும் அதே கூடத்தில்தான் இந்தப் போராட்டம் நடந்தது. ரூபி படித்தார், நீதிமன்றத்தில் எழுத்தராக வேலை பார்த்தார், இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார், 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து நெயோட் மொர்தெகாய் என்ற கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) வாழ்ந்தார். கொச்சி யூதர்கள் என்றால் யார் என்று ஆண்களும் வெளிநாட்டாரும் நிறைய எழுதியாகிவிட்டது. அந்தத் தெருவின் உள்ளே வளர்ந்த ஒரு பெண்ணின் குரல் அதில் இல்லை.

அமெரிக்க மானுடவியலாளர் பார்பரா ஜான்சன் கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாடல்களைத் தேடிப் போனவர். அந்தப் பாடல்கள் இருந்தது நோட்டுப் புத்தகங்களில். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பெண்கள் கூடிப் பாடிய மலையாளப் பாட்டுகளைத் தாயும் மகளும் பேத்தியும் கையால் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். ஊரைவிட்டுக் கப்பலேறியபோதும் நோட்டுகள் கூடவே போயின. பேரப்பிள்ளைகள் ஹீப்ரு பேசி வளர்ந்த நாட்டில் அந்த மலையாள எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்தார்கள். ரூபி அந்தப் பாடல்களை அறிந்தவர், அவற்றை ஆங்கிலத்தில் சொல்லவும் தெரிந்தவர். தன் பாட்டியிடமும் ஊர்ப் பெண்களிடமும் கேட்ட கதைகளை, ஜெபக்கூடத்தில் தன் ஆட்களுக்கு நேர்ந்த அவமானத்தை, யூதத் தெருவின் பண்டிகைகளை எல்லாம் அவர் சொல்லியும் எழுதியும் வைக்க, ஜான்சன் அவற்றைப் படித்து, கேள்வி கேட்டு, ஒழுங்குபடுத்தினார். 1995இல் 'ரூபி ஆஃப் கொச்சின்' வெளிவந்தபோது ரூபிக்கு எண்பதைத் தாண்டிய வயது. அட்டையில் இரண்டு பேரின் பெயரும் இருந்தது.

இது ஆராய்ச்சி, இதை ஆசான் மாணவர் உறவு என்று எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். இங்கே புதிய திறமை எண்பதைத் தாண்டிய கிழவி, படித்துக் குறிப்பெழுதிக் கொடுப்பவர் அவரைவிட இளையவர். வயதை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஃபாரஸ்டர் ஜமாலின் நோட்டுக்குச் செய்ததை ஜான்சன் ரூபியின் நினைவுகளுக்குச் செய்திருக்கிறார். அதே நேரத்தில் தனக்குத் தெரியாத ஒரு உலகத்தை ரூபியிடமிருந்து கற்றுக்கொண்டவரும் அவர்தான். யார் ஆசான் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முடியாதது அந்த உறவின் பலம் என்றே நினைக்கிறேன். இங்கேயும் ஒரு வெள்ளைக்கார அறிஞர் வந்துதானே ஒதுக்கப்பட்ட பெண்ணின் குரல் வெளிவந்தது என்ற சங்கடம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மட்டாஞ்சேரியில், கொச்சியில், கேரளத்தில் அந்த நோட்டுகளைப் படிக்கக் கூடியவர்கள் பல பத்தாண்டுகளாக இருந்தார்கள். ஸ்கரியா சக்கரியா போன்ற அறிஞர்கள் பிற்பாடு அந்தப் பாடல்களில் உழைத்தார்கள். ஒஃபிரா கம்லியேலுடன் சேர்ந்து சக்கரியா பதிப்பித்த தொகுப்பு 2005இல் வந்தது. அதற்குள் பாடத் தெரிந்த எத்தனையோ பெண்கள் போய்விட்டார்கள். குறை ஜான்சனுடையது இல்லை. பக்கத்திலேயே இருந்து படிக்காமல் விட்டவர்களுடையது. ஒரு நல்ல மனிதரின் கதவு திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, படிக்கத் தயாராக இருக்கும் எவரும் அந்தக் கதவைத் தேடிப் போகலாம் என்று ரூபியின் கதை எனக்குச் சொல்கிறது.

இதே கேள்வி இன்றைக்கும் இங்கே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்கிற இடத்துக்குப் பக்கத்தில் தோபிகானா இருக்கிறது. தலைமுறைகளாக அங்கே துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்கள் தமிழ் பேசுகிறவர்கள். மட்டாஞ்சேரியில் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கினி என்று வீட்டுக்கு ஒரு மொழி. வீட்டில் ஒன்று பேசி, பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதும் பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்களில் ஒருவர் ரகசியமாக எழுதும் நோட்டை எந்த மொழிக்காரர் படிப்பார்? இன்றைக்கு அதெல்லாம் பிரச்சினையே இல்லை, கைப்பேசியில் போட்டால் ஆயிரம் பேர் படிப்பார்கள் என்ற பதிலை நிறையக் கேட்கலாம். ஆயிரம் பேர் பார்ப்பது நல்ல விஷயம்தான். பத்மநாப பையின் காலிப் பக்கம் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. ஆனால் இரண்டாவது பத்தியில் நீ பொய் சொல்கிறாய் என்று ஓரத்தில் எழுதிக் கொடுக்க அந்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் நேரம் இருப்பதில்லை. ஜமாலின் பையைத் திருப்பிக் கொடுத்தபோது ஃபாரஸ்டர் ஒரு இதயக் குறி போட்டு அனுப்பியிருந்தால் அவன் மறுபடி அந்த மாடிப்படி ஏறியிருக்கமாட்டான்.

இளையவர் மூத்தவரைப் படிப்பதற்கு இந்த மண்ணிலேயே கிடைக்கும் இன்னொரு சாட்சி 'துறமுகம்'. ராஜீவ் ரவி இயக்கி 2023 மார்ச்சில் வெளியான மலையாளப் படம். கொச்சித் துறைமுகத்தில் இருந்த சாப்பா முறையைப் பற்றியது. வேலைக்கு வந்து குவிந்து நிற்கும் கூட்டத்தின் மேல் கங்காணி உலோக வில்லைகளை வீசுவான். மண்ணில் புரண்டு, ஒருவரை ஒருவர் மிதித்து, அந்த வில்லையைப் பிடித்தவனுக்கு அன்றைக்குக் கூலி. பிடிக்காதவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த முறைக்கு எதிராகத் தொழிலாளர்கள் எழுந்ததும், 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதும் கொச்சியின் தொழிற்சங்க வரலாற்றில் அழியாத பக்கம். இதை முதலில் நாடகமாக எழுதியவர் கே.எம். சிதம்பரன். திரைக்கதை எழுதியவர் அவர் மகன் கோபன் சிதம்பரன், 'இயோபின்டெ புஸ்தகம்' எழுதியவர்.

தகப்பனின் நாடகத்தை மகன் படமாக்கினால் அது வாரிசுக் கடமை என்று சொல்லிவிட்டுப் போகலாம். படத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தொடக்கம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. ஜோஜு ஜார்ஜ் நடிக்கும் மைமு அந்தக் கூட்டத்தில் சாப்பாவுக்காக முண்டுகிறான். கேமரா அந்தக் கைகளுக்கும் கால்களுக்கும் நடுவே இறங்கிவிடுகிறது, வில்லை எங்கே விழுந்தது என்று நமக்கே தெரியாத அளவுக்கு நெருக்கம். நாடக மேடையில் பத்து நடிகர்களை வைத்துக் கூட்டம் என்று நம்மை நம்பச் சொல்ல வேண்டிய இடம் அது. திரை அதை உடம்பால் உணர வைக்கிறது. பிறகு கதை மகன்களின் தலைமுறைக்கு வருகிறது. நிவின் பாலியின் மொய்து கங்காணிகளின் பக்கம் சேர்ந்து அடியாளாகிறான், அர்ஜுன் அசோகனின் ஹம்சா தொழிலாளர்களின் பக்கம் நிற்கிறான், நடுவில் தாய் பாத்துமாவாக பூர்ணிமா இந்திரஜித். பார்வையாளர்கள் பலர் படம் மெதுவாக நகர்கிறது என்று சொன்னார்கள். இரண்டாம் பகுதியில் சில இடங்கள் நீள்வது உண்மைதான். ஆனாலும் துப்பாக்கிச் சூட்டை வீரக் காட்சியாக முடித்துவிடாமல், அதற்கு வெகு முன்பே தொடங்கும் பட்டினியில் அத்தனை நேரம் நின்றிருக்கிறது இந்தப் படம். நாயகனாக வரக்கூடிய நடிகரைத் தவறான பக்கத்தில் நிறுத்தவும் அதற்குத் துணிச்சல் இருந்திருக்கிறது. தகப்பனின் பிரதியைப் பூஜை அறையில் வைக்கிறவர் இப்படிச் செய்யமாட்டார். ஒரு காலத்தில் ஊரார் பார்த்த நாடகத்தை, அந்த நாளைக் கண்ணால் பார்க்காத ஒரு தலைமுறைக்காக வரிவரியாகத் திரும்பப் படித்தவர்தான் செய்வார். அந்தப் படம், ஜமாலுக்குக் கிடைத்த முன்னுரைப் பக்கத்தைப் போன்றது. மூத்தவரின் எழுத்துக்கு இளையவர் தன் காலத்திலிருந்து எழுதியது.

சாப்பாவுக்காக மண்ணில் விழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பஜார் ரோட்டிலும் கல்வத்தியிலும் இருக்கிறார்கள். துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றிய எழுத்து தூத்துக்குடி, சென்னை வாசகர்களுக்கும் அந்நியமானது இல்லை. சிதம்பரனின் நாடகத்தையும் ரூபி டேனியலின் புத்தகத்தையும் தமிழில் படிக்க விரும்புகிறேன். சுந்தர ராமசாமி முப்பதை ஒட்டிய வயதில் 'செம்மீனு'க்குச் செய்ததை இந்த இரண்டுக்கும் செய்ய, மலையாளம் தெரிந்த ஒரு இளம் தமிழ் எழுத்தாளர் முன்வந்தால், முதலில் நாடகத்தை எடுத்துக்கொள்ளட்டும். பேச்சு வழக்கும் மாப்பிள்ளை மலையாளமும் கலந்த மட்டாஞ்சேரி வசனத்தை எந்த ஊர்த் தமிழில் கொண்டுவருவது என்பதிலேயே அவருக்கு ஒரு வருட வேலை இருக்கிறது.